புதியவனுக்குரிய மட்டை

சென்ற தை மாதம் நம்மில் ஒருவர் வீட்டுத் திருமணத்தில் நாம் ஏழெட்டுப் பேர் ஒரே பந்தியில் அமர நேர்ந்தது நினைவிருக்கும். இலையில் உப்பு வைக்கும் முன்பே பேச்சு, வழக்கம்போல, பள்ளி ஹாக்கி மைதானத்திற்குப் போய்விட்டது. கோல் போட்டவர்களைப் பற்றி நமக்குள் ஒருநாளும் சச்சரவு வந்ததில்லை. கோல் விழாமல் காத்தவர்களைப் பற்றித்தான் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சச்சரவு செய்து வருகிறோம். நம் காலத்து ஃபுல்பேக்குகளில் எவன் சிறந்தவன் என்ற கேள்வி அன்றும் எழுந்தது. அப்போது, ஒரு காலத்தில் நம் அணிக்குத் தலைவராக இருந்தவரும் இப்போது காதில் கருவி வைத்திருப்பவருமான நண்பர், பந்தி முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

“உபதேசியார் மகன்தாம்பா பேக்கு. அவன மாதிரி ஒருத்தன் நம்ம செஞ்சிப் பக்கமே பொறக்கல. இன்னா பண்றது, பொறாமக்காரனாப் போயிட்டான்.”

எல்லோரும் தலையசைத்தீர்கள். நானும் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பை முன்னிட்டே இதனை எழுத உட்கார்ந்தேன். நான் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பள்ளியில் பயின்றவன் அல்லன். படித்ததெல்லாம் பிற்பாடு நானாகப் படித்தது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்தியில் பிழை இராது.

வடக்கே எல்லைச் சண்டை நடந்து முடிந்த சமயம் அது. நம் மைதானத்தில் புல் என்பது மழைக்காலத்து விருந்தாளி. மற்ற மாதங்களில் செம்மண்ணும், மண்ணுக்குள் பாதி முகம் புதைத்த கற்களும்தாம். கிழக்கு கோலில் நின்றால் மாலை வெயில் ராஜகிரிக் கோட்டை மலையின் தோளுக்குப் பின் இறங்குவது கண்ணில் நேராகக் குத்தும். ஆகவே டாஸ் வென்ற அணி எப்போதும் மேற்கு கோலைக் கேட்கும்.

டிரில் மாஸ்டர் பட்டாளத்தில் ஆடி வந்தவர். சட்டையை அரைக்கால் சட்டைக்குள் செருகி, விசிலைக் கயிற்றோடு கழுத்தில் போட்டு, வெயிலில் கண்ணைச் சுருக்காமல் நிற்பார். பள்ளியில் மெய்யான ஹாக்கி மட்டைகள் ஐந்தாறு மட்டுமே இருந்தன. அவை முன்னால் ஆடும் பெரிய பையன்களுக்கு உரியவை. மற்றவர்கள் புளியமரத்தில் வளைந்த கிளையாகப் பார்த்து வெட்டி, ஆசாரியிடம் கொடுத்து ஒரு பக்கம் தட்டையாக இழைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அது கனக்கும். பந்தை அடித்தால் உள்ளங்கையில் தேள் கொட்டியது போலச் சுறீர் என்று ஏறும்.

அந்த ஆண்டு புரட்டாசியில் டிரில் மாஸ்டர் சென்னைக்குப் போய்த் திரும்பியபோது காக்கித் துணி உறையில் ஒரு மட்டை கொண்டுவந்தார். அதை அவர் உருவியபோது எழுந்த எண்ணெய் வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. மல்பெரி மரம், பிரம்புப் பிடி, பிடியின்மேல் இழை இழையாகச் சுற்றிய நூல். வளைவு, உள்ளங்கையைக் குவித்தது போல அளவாக இருந்தது.

“இது புதுப் பையனுக்கு” என்றார். “இந்த வருஷம் புதுசா வந்த பேக்குங்கள்ல எவன் நல்லா ஆடுறானோ அவனுக்கு. கடலூர் மேட்சுக்கு முன்னாடி குடுப்பேன். குடுத்துட்டா அவனுது. ஊட்டுக்கு எடுத்துக்கினு போவலாம்.”

தடுக்கும் ஆட்டத்திற்கு ஒருவரும் விரும்பி வருவதில்லை என்பதால் அவர் செய்த ஏற்பாடு அது. வலப்பக்க பேக் ஏற்கெனவே ஒரு பெரிய பையன். இடப்பக்கம் காலியாக இருந்தது. அந்த இடத்திற்கு இருவர் இருந்தோம். ஒருவன் நான். மற்றவன் உபதேசியார் மகன்.

அனந்தபுரம் பஸ் போகும் தடத்தில் இருந்த ஒரு சிற்றூரில், சாமியார் வர இயலாத ஞாயிறுகளில் மாதா கோயிலில் ஜெபம் நடத்தியவர் அவனுடைய தந்தை. அவன் ஆனி மாதத்தில்தான் நம் பள்ளியில் சேர்ந்தான். கறுத்து, மெலிந்து, முழங்கால் மட்டும் பெரிதாகத் தெரிவான். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா உருவம் பொறித்த ஒரு சுரூபம் கட்டியிருப்பான். எதிரி பந்தோடு வரும்போது அந்தச் சுரூபத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு நிற்பான். நிற்பான் என்பதைக் கவனியுங்கள். நான் ஓடுவேன், பாய்வேன், விழுவேன், எழுவேன். முட்டியில் இரத்தம் வழிய வீடு திரும்புவேன். அவன் நிற்பான். பந்து அவனிடமே வந்து சேரும்.

அந்த நாள்களில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சோடாக் கடையின் வாசலில் நீங்கள் எங்கள் இருவரையும் எடை போட்டுப் பேசியதை மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. எதிரே இருந்த வாடகைச் சைக்கிள் கடை என் நைனாவுடையது. பஞ்சர் பார்த்த டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்தபடி, ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

“சைக்கிள் கடைக்காரன் நல்லாத்தான்டா ஆடுறான். உயிர குடுக்குறான்.”

“உயிர குடுத்து இன்னாத்துக்கு ஆவுது? பந்த குடுக்கணும்டா. உபதேசியார் மகன் அடிச்சா பந்து நேரா லெப்ட் அவுட்டு மட்டையில போய் உக்காருது.”

“இவன் அடிச்சா?”

“இவன் அடிச்சா மாடு மேய்க்கிறவன் எடுத்தாந்து தர்றான்.”

சிரித்தீர்கள். சோடா உடைக்கும் ஓசை கேட்டது. என் கையிலிருந்த டியூபின் ஓட்டையிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. அதை அடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பொறாமை நெஞ்சில் எரியும் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது காதில்தான் இருந்தது. அவன் பெயர் எங்கே ஒலித்தாலும், வகுப்பில் வருகை எடுக்கும்போதுகூட, என் காது தானாக விறைத்துக்கொள்ளும்.

இந்நிலையில் ஆயுத பூஜை வந்தது. நம் பள்ளியில் இருந்த வழக்கத்தை இக்காலத்துப் பிள்ளைகளுக்காக இங்கே சொல்லிவிட வேண்டும். பூஜைக்கு முதல்நாள், அணிப் பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவனும் தன் மட்டையைக் கொண்டுவந்து விளையாட்டுச் சாமான் அறையின் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைப்பான். டிரில் மாஸ்டரே குளித்துவிட்டு வந்து ஒவ்வொன்றின் வளைவிலும் சந்தனமும் குங்குமமும் இடுவார். பொரி, கடலை, வாழைப்பழம் பங்கிடப்படும். அவ்வாறு ஒருமுறை பொட்டு வாங்கிய மட்டைக்கு உரியவன் அணியைச் சேர்ந்தவன் ஆகிவிடுகிறான். மறு ஆண்டு பூஜையில் அவன் பழையவன். பதிவேடு ஒன்றும் கிடையாது. இதுதான் பதிவேடு.

முந்தைய ஆண்டு பூஜையில் என் புளியமர மட்டையும் பொட்டு வாங்கியிருந்தது. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் ஒரு பந்தயத்திலாவது நான் இறங்கியதில்லை. கோட்டுக்கு வெளியே நின்று, முள்வேலிக்குள் போகும் பந்துகளை எடுத்துப் போட்டதே என் ஆட்டம்.

அந்த ஆண்டுப் பூஜையில் உபதேசியார் மகன் மட்டை வைக்கவில்லை. “எங்க அப்பா வெய்க்கக் கூடாதுன்னுட்டாரு சார்” என்று பணிவாகச் சொன்னான். டிரில் மாஸ்டர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. பொரி மட்டும் இரண்டு கை கூடுதலாகக் கொடுத்தார். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒரு பிடி நீட்டினான். வேண்டாமென்றேன்.

பூஜை முடிந்ததும் டிரில் மாஸ்டர் எங்களை நிறுத்தி, பழையவர் இப்பக்கம், புதியவர் அப்பக்கம் என்று பிரித்தார். நான் புதியவர் வரிசையில் போய் நின்றேன்.

“நீ எங்கடா அங்க?”

“நான் புதுசு சார். ஒரு மேட்சுகூட ஆடல சார்.”

“போன வருஷம் உன் மட்டைக்குப் பொட்டு வெச்சேனா இல்லியா?”

“வெச்சீங்க சார்.”

“அப்ப நீ பழசு. இந்தப் பக்கம் வா.”

பெரிய பையன்கள் சிரித்தார்கள். “பந்து பொறுக்குனதுல பழசு சார்” என்றான் ஒருவன். அவனும் அந்தத் திருமணப் பந்தியில் இருந்தான், பெயர் வேண்டாம்.

எதிர்வரிசையில் உபதேசியார் மகன் சுரூபத்தைக் கடித்தபடி நின்றான். அவன் மட்டை பொட்டே வாங்கியதில்லை. ஆகவே அவன் புதியவன். அந்தக் கணக்குப்படி அவன் பள்ளியை விட்டுப் போகும் நாள் வரைக்கும் புதியவனாகவே இருப்பான்! இதை ஒருவரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். இரவும் பகலும் வேறு எதையும் யோசிக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையிலிருந்து சின்னச் சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் ஊருக்குப் போனேன். நைனாவிடம் கணக்கு நோட்டு வாங்கி வருவதாகச் சொன்னேன். போகும்போது என்ன எண்ணத்தோடு போனேன் என்பதை எனக்கே ஒளித்து வைத்திருந்தேன் என்று நினைக்கிறேன். மழை பெய்து விட்டிருந்தது. கரிசல் வண்டித்தடத்தில் சக்கரம் சிக்கிச் சிக்கி வந்தது.

அவன் வீட்டில் இல்லை. தந்தையோடு ஒரு துக்க வீட்டிற்கு ஜெபத்திற்குப் போயிருந்தான். அவன் தாய் வெளியே வந்தார்.

“யாருப்பா? செஞ்சியிலேர்ந்தா? சைக்கிள் கடையாண்ட புள்ளையா நீ? தெரியும் தெரியும். எங்க பையன் சொல்லுவான். ‘கீழ வுழுந்தாலும் உடனே எழுந்துருவாம்மா, அவன ஏமாத்தவே முடியாது’ன்னு சொல்லுவான். உக்காரு. மோர் குடிக்கிறியா?”

எவர்சில்வர் தம்ளர் ஒன்றில் மோர் வந்தது. அக்காலத்தில் எவர்சில்வர் எல்லா வீட்டிலும் இராது. நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது.

“அது அவன் வாங்கியாந்தது” என்றார் அந்தத் தாய். முகம் மலர்ந்துவிட்டது. “மாதா திருநாளுக்கு வருஷா வருஷம் பந்து ஆட்டம் வெப்பாங்க. சுத்துப்பட்டு ஊருல்லாம் வரும். மூணு வருஷமா இவன் ஆடுறான். போன வருஷம் ஒரு பந்துகூட உள்ள வுடலையாம், சாமியாரே கூப்ட்டுக் குடுத்தாரு.”

மோர் புளிப்பாக, கொத்தமல்லியும் உப்புமாக, நன்றாக இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் டிரில் மாஸ்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை வரிசைப்படுத்திக்கொண்டேன். “திரும்பவும் வாப்பா” என்று அவர் சைக்கிள் வரையில் வந்து சொன்னார். நான் அந்த ஊருக்குத் திரும்பவும் போனதில்லை.

மறுநாள் மாலை மைதானத்தில் நடந்த வழக்கு உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவன் நான் என்பது தெரியாது. முதலில் டிரில் மாஸ்டரிடம் தனியாகச் சொன்னேன். அவர் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தார்.

“நீ இதுக்கு முன்னாடி மேட்ச் ஆடியிருக்கியா?”

“ஊர்ல ஆடியிருக்கேன் சார்” என்றான் உபதேசியார் மகன், சிறிதும் தயங்காமல். “திருநாளுக்கு.”

“ஹாக்கியா?”

“ஹாக்கின்னு சொல்ல மாட்டாங்க சார். பனமட்டையில ஆடுவோம். பந்து மூங்கில் வேருல செதுக்குனது.”

வட்டத்தில் கூச்சல் எழுந்தது. பனைமட்டையால் ஆடியது ஆட்டமா, இல்லையா? ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டார்கள். பதினைந்தும் இருக்கும், இருபதும் இருக்கும் என்றான். ஆஃப் சைடு உண்டா என்றார்கள். சாமியார் விசில் ஊதினால் நிற்போம் என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அணித்தலைவர் அவன் பக்கம் பேசினார்: “சார், அது கிட்டிப்புள்ளு மாதிரி சார். அத ஆடுனா பழசுன்னா, நாம எல்லாருமே பொறந்ததுலேர்ந்து பழசுதான் சார்.”

அப்போது நான் எழுந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவாக நான் வேறெப்போதும் பேசியதில்லை.

“சார், ஊரு கூடிப் பாக்குது. ரெண்டு பக்கம் ஆளு நிக்கிறான். ஜெயிச்சவனுக்குப் பரிசு குடுக்கறாங்க. எவர்சில்வர் தம்ளர் சார், நான் கண்ணால பாத்தேன். மட்டை எந்த மரமா இருந்தா இன்னா சார்? மேட்சுன்னா மேட்சுதான். அவன் மூணு வருஷம் மேட்ச் ஆடியிருக்கான். நான் ஒண்ணுகூட ஆடல. பொட்டு மட்டைக்குத்தானே சார் வெச்சீங்க, எனக்கா வெச்சீங்க?”

தம்ளர் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தான். எங்கே பார்த்திருப்பேன், யார் கையால் வாங்கியிருப்பேன் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. “அம்மா மோர் குடுத்தாங்களா?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டான்.

நான் சொன்ன நியாயத்தில் இன்றுவரையில் எனக்குப் பிழை தென்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆடியவன் பழையவன், ஆடாதவன் புதியவன். இதைவிடச் சரியான விதி கிடையாது. பொறாமையும் சரியான கணக்கைப் போடும். டிரில் மாஸ்டர் வெகுநேரம் விசில் கயிற்றை விரலில் சுற்றி, அவிழ்த்து, சுற்றி, கடைசியில் என் பக்கம் தீர்த்தார். கார்த்திகை பிறந்த முதல் வெள்ளிக்கிழமை, காக்கி உறையோடு அந்த மட்டை என் கையில் வந்தது.

உபதேசியார் மகன் அருகே வந்து பிடியைத் தடவிப் பார்த்தான். “சூப்பர் மட்டைடா. எண்ண போட்டு வெச்சிக்கோ, வெயில்ல வெக்காத” என்றான். அவன் குரலில் குற்றம் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

மட்டை கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை. “மட்டை புதுசா வந்தவனுக்கு. எடம் நல்லா ஆடுறவனுக்கு” என்று டிரில் மாஸ்டர் பிரித்துச் சொல்லிவிட்டார். ஆகவே அவன் கரடுமுரடான புளியமர மட்டையோடு இடப்பக்கம் நின்றான். நான் புது மட்டையோடு கோட்டுக்கு வெளியே நின்றேன். அவன் அடித்தால் ‘டொக்’ என்று ஓர் ஓசை வரும். பந்து தரையை ஒட்டி, ஒரு கல்லிலும் எகிறாமல், இருபத்தைந்து கஜக் கோட்டைத் தாண்டிப் போகும். நான் மல்பெரி மட்டையால் அடித்தால் ‘சடக்’ என்று வேறோர் ஓசை. வித்தியாசம் மட்டையில் இல்லை என்பதை ஊரே கேட்டது.

அந்த ஓசையை வரவழைத்தே தீர்வது என்று, கடலூர்ப் பயணத்திற்கு நான்கு நாள் முன்பு, விடிந்தும் விடியாத பொழுதில் தனியாக மைதானத்திற்குப் போனேன். ராஜகிரி உச்சியில் பனி மூடியிருந்தது. பந்தை வைத்தேன், அவனைப் போலவே நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கழுத்தில் இருந்த தாயத்துக் கயிற்றை இழுத்து அவனைப் போலவே பல்லில் கடித்துக்கொண்டேன். முழு வலுவையும் கூட்டி வீசினேன். மட்டை பந்துக்கு முன்னால் இருந்த ஒரு கல்லின் தலையில் இறங்கியது.

அந்த ஓசையை எழுத்தில் எழுதத் தெரியவில்லை. வளைவு தொடங்கும் இடத்தில், மயிரிழை போல, ஒரு விரற்கடை நீளத்திற்கு விரிசல் ஓடியிருந்தது.

கடைக்கு ஓடினேன். நைனா பல் துலக்கிக்கொண்டிருந்தார். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை விரிசலுக்குள் விட்டு, பழைய டியூபைக் கீற்றாக வெட்டி இறுக்கிச் சுற்றி, மேலே கறுப்புத் துணி டேப்பைச் சுற்றினேன். பலரும் அப்படி டேப் சுற்றுவதுண்டு. பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. “சொல்யூஷன் டப்பாவ எவன்டா தொறந்து போட்டது, காஞ்சி போவுது பாரு” என்று நைனா கத்தினார். நான் குளிக்கப் போனேன்.

அன்று மாலைப் பயிற்சியில் நான் அடித்த ஃப்ரீ ஹிட் ஒன்று எதிரியின் காலடிக்கே போயிற்று. விரிசலுக்கு அஞ்சி மெதுவாக அடித்திருந்தேன். டிரில் மாஸ்டர் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்.

“இன்னாடா அது, பூ பறிக்கிறியா? பேக்குன்னா எப்பிடி அடிக்கணும்னு பாரு. மட்டைய அவன்கிட்ட குடு.”

“வாணாம் சார். அவன் மட்டையிலியே அடிக்கட்டும் சார்.”

“ஏன், தேஞ்சி பூடுமா? குடுடா!”

கொடுத்தேன். உபதேசியார் மகன் அதை வாங்கி, வழக்கம்போல வளைவைக் கண்ணருகே தூக்கிச் சாய்த்துப் பார்த்தான். அவன் கட்டை விரல் டேப்பின்மேல் நின்றது. பிறகு மட்டையை மூக்கருகே கொண்டுபோனான். சொல்யூஷன் வாசனை உங்களுக்குத் தெரியும். அந்தப் பள்ளியில் அந்த வாசனை ஒரே ஒருவன் சட்டையில்தான் வீசும்.

என்னைப் பார்த்தான். “சார், இதுல—” என்று தொடங்கினான்.

“பேச்செல்லாம் அப்புறம். அடி!”

அடித்தான். ‘டொக்’ என்று வந்திருக்க வேண்டிய ஓசை வரவில்லை. மட்டையின் தலை தனியே பிய்ந்து, சுழன்று, செம்மண்ணில் போய் விழுந்தது. பிடி அவன் கையில் இருந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

டிரில் மாஸ்டர் நடந்து போய்த் தலையை எடுத்தார். பிளவைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தார்.

“எத்தினி நாளாடா நெனச்சினு இருந்த? உனக்குக் கெடைக்கலன்னா அவனுக்கும் இருக்கக் கூடாதா? இவ்ளோ பொறாமையா?”

அவன் கையிலிருந்த பிடியை என் பக்கம் நீட்டினான். “அவனையே கேளுங்க சார்” என்றான்.

டிரில் மாஸ்டருக்கு அது திமிராகப் பட்டது. முகம் சிவந்து என் பக்கம் திரும்பினார். “சொல்றா. மட்டை காலைல எப்பிடி இருந்துது?”

வட்டமாக நின்ற உங்கள் எல்லோருடைய கண்களும் என்மேல் இருந்தன. அவன் கண்களும் இருந்தன. அவற்றில் கெஞ்சுதல் இல்லை. நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று முழுதாக நம்பிக்கொண்டிருந்தான். அந்த நம்பிக்கையையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

“நல்லா இருந்துது சார்” என்றேன்.

அவன் சுரூபத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். தன் புளியமர மட்டையை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் நிறுத்தவும் இல்லை. மறுநாள் காலை வழிபாட்டில் தலைமையாசிரியர் பொறாமையின் தீமை குறித்து நீண்ட நேரம் பேசினார். பெயர் குறிப்பிடவில்லை. ஆயினும் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. என் தலையும் திரும்பியது.

எனக்கோ ஒரே இரவில் ஊரின் அன்பு கிடைத்தது. சோடாக் கடைக்காரர் கூப்பிட்டுப் பன்னீர் சோடா கொடுத்தார். “மனசு வுட்டுடாத” என்று அணித்தலைவர் தம் சொந்த மட்டையை எனக்கு இரவல் தந்தார். நைனா மட்டும் இரவு சாப்பாட்டின்போது, “அந்த ஒடஞ்ச மட்டைய எங்கடா வெச்சிருக்க? எடுத்தா, பாக்கலாம்” என்றார். தூக்கிப் போட்டுவிட்டேன் என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, மோருக்குக் கையை நீட்டினார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கடலூரில் இடப்பக்கம் நான் நின்றேன். நான்கு கோல் விழுந்தது. மூன்று என் பக்கமாக. திரும்பும் பஸ்ஸில், பின்னிருக்கையில், ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அவர்கள் என்னைப் பற்றிப் பேசவே இல்லை. திண்டிவனம் தாண்டி, செஞ்சி மலைகள் தெரியும் வரைக்கும் அவனைப் பற்றியே பேசினார்கள். “அவன் நின்னிருந்தான்னா அந்த மூணும் உள்ள போயிருக்காதுடா.” “போயிருக்காது. ஆனா இன்னா புண்ணியம், புத்தி அப்பிடி.” அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. அவன் தந்தையை வேறு ஊர்க் கோயிலுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் கோடை வரைக்கும் இருந்தது. ஆசிரியர் அதைப் படிக்கும் ஒவ்வொரு நாளும் என் காது விறைத்தது. அந்த ஆண்டோடு நானும் நின்றுவிட்டேன்.

உடைந்த மட்டையை நான் எறியவில்லை. சாமான் அறையின் குப்பையிலிருந்து இரு துண்டுகளையும் எடுத்து வந்து, கடைப் பரணில் பழைய டயர்களுக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தேன். நைனா காலமான பின் கடையை ஒழித்தபோது பிடி மட்டும் கிடைத்தது. தலை கிடைக்கவில்லை, அடுப்பெரிக்கப் போயிருக்கும். டேப் உதிர்ந்து, சொல்யூஷன் கறுத்து இறுகிப் போயிருந்தது. முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

நண்பர்களே, அன்று பந்தியில் நீங்கள் சொன்ன வாக்கியத்தில் முதற்பாதியை நான் மறுக்கவில்லை. அவனைப் போன்ற பேக் நம் பக்கத்தில் பிறக்கவில்லை. பிற்பாதிதான், பொறாமைக்காரன் என்ற அந்தச் சொல்தான், என்னை இத்தனை பக்கம் எழுத வைத்தது. அந்த ஆண்டு முழுவதும் நிற்கும் அழகும், அடிக்கும் ஓசையும், தாயின் பெருமையும், உங்கள் பேச்சும் அவனுக்கே இருந்தன. அவனிடம் இல்லாமல் என்னிடம் மட்டுமே இருந்தது ஒன்றே ஒன்று. நான் விடியற்காலையில் எழுந்து, தனியாக நின்று, கல்லில் மோதி வளர்த்தது. அதையும் எடுத்து அவன் பெயரிலேயே எழுதிவிட்டீர்கள். ஐம்பது ஆண்டுகளாக அதற்கும் அவனுக்கே பெயர்.

அடுத்த பந்தியில் அந்தப் பேச்சு எழும்போது, அதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.